நொட்டாங்கை

தோஹாவில் ஆகஸ்ட் மதியம்.
வெளியே வெயில் ஆள் பார்க்காமல் எல்லாரையும் தள்ளுகிறது.
நிலவறை ஆய்வகத்துப் பச்சை லேசர்
பார்த்துத்தான் தள்ளும்.

நீர்ச்சொட்டில் இரண்டு பொன் துகள்கள்.
ஒரே எடை, ஒரே உருவம், ஒரே விலைச்சீட்டு.
ஒன்று வலம்புரி, மற்றது இடம்புரி.
எப்படிப் புரட்டிப் போட்டாலும்
ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது,
ஜோடிச் செருப்பு மாதிரி.

ஹெஸ்ஸா அலைத்தட்டை நாற்பத்தைந்து பாகை திருப்பினாள்.
ஒளி திருகாணியாய்ச் சுழன்று இறங்கியது.
ஒன்று இந்தப் பக்கம் ஒதுங்கிற்று,
மற்றது அந்தப் பக்கம்.
தொட்ட கை ஏதுமில்லை.
கொசுவின் மூச்சில் கோடியில் ஒரு பங்கு இருக்குமா?
"இருக்காது" என்றாள், திரையைப் பார்த்தபடியே.

எனக்குச் சோற்றுக்கை மாறிப்போன பிறப்பு.
பள்ளியில் எழுதிய வரியையெல்லாம்
என் உள்ளங்கையே பின்னால் வந்து அழித்துவிடும்.
அதற்கும் அடி விழும்.

இன்று பதிவேட்டில்
அவள் எழுதிக் காட்டியதைப் பார்த்து
வலப்பக்கம் தொடங்கினேன்:
இருதயராஜ், அரபியில், கோணலாக.

மை ஈரத்தோடு அப்படியே நின்றது.
கை விலகி விலகிப் போனது,
பக்கவாட்டில் எதுவோ
மெல்லத் தள்ளுவதுபோல்.