ஐந்தாம் தேதி

எட்டே முக்கால் பஸ்ஸில் கண்டக்டர் கேட்கவில்லை.
குழித்துறைக்குக் கிழித்துக் கொடுத்துவிட்டார்,
பெண்களுக்கான காசில்லாச் சீட்டு.
நாற்பத்தெட்டு மாதம், எல்லா ஐந்தாம் தேதியும்.
அவர் விரலுக்கும் பழகியிருக்கும்தானே.

கருங்கலில் ஹாலோபிளாக் யார்டு போட்டோம்,
நானும் எட்வின்தாசும்.
மிஷினுக்கு வங்கி. அச்சுகளுக்குச் சீட்டுக் கம்பெனி.
சிமெண்டுக்குச் சிவதாணு அண்ணாச்சி.
கூலிக்கு வாரக் குழுப் பணம்.
ஐப்பசி மழை ஒரு ராத்திரி
கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனது.
இருநூற்றுப் பத்துச் சாக்கும் விடியுமுன் கல்.
சாக்கின் பின்னல் தடம்கூட மாறாமல்
இப்போதும் கிடக்கின்றன, ரப்பர் மரங்களுக்கடியில்.
அந்த மழையில் நனையாதது
வட்டி மட்டும்தான்.

மக்கள் நீதிமன்றம் என்றதும்
கூண்டில் ஏற்றுவார்கள் என்று பயந்தேன்.
இருந்தது ஒரு நீளப் பெஞ்சு.
தனித்தனியே வாசலில் வந்து நின்றபோது
வாசலை அடைத்துக்கொண்டவர்கள்
அதில் நாலு பேரும் தோளிடித்து,
தண்ணீர்க் குப்பியைக் கைமாற்றிக்கொண்டு
சிறுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"மாசம் எவ்வளவு முடியும்?"
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார் நீதிபதி அம்மா.
எப்போது தருவாய் என்றுதான்
அதுவரை எல்லாரும் கேட்டிருந்தார்கள்.
பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

பதினொன்று. நாலாய் உடைத்து:
ஐயாயிரத்து இருநூறு, இரண்டாயிரத்து அறுநூறு,
ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஆயிரத்து முந்நூறு.
அன்றோடு வட்டி நின்றது.
ராத்திரி ஜெபம் முடிந்தும் உதட்டில் ஓடும்
அந்த நாலு எண்ணும், வசனம் மாதிரி.

இருட்டோடு எழுந்து பிறத்தியார் தோட்டத்தில் பால்வெட்டு.
எட்வின்தாஸ் களியக்காவிளைக்கு யாருடையதோ டெம்போ.
மரச்சீனி, சாளை. சாளை விலை ஏறினால் மரச்சீனி.
முப்பத்தோராம் மாதம்
மூத்தவனுக்குக் காய்ச்சல், காசு குறைந்தது.
"ஒரு தவணை தெத்துனா மொத்தமும் முறிஞ்சிரும்.
மத்தவனுக்கெல்லாம் மொதல்ல கெட்டு,
எனக்க ரசீது இன்னா, பணம் செவ்வாய்க்கெழம தா"
என்றார் சிவதாணு அண்ணாச்சி.
முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

போன மாதம் தாள் வந்தது. நிலுவை இல்லை.
எட்வின்தாஸ் லேமினேட் செய்துகொண்டு வந்தார்,
முப்பது ரூபாய், ரொக்கம்.

அந்தத் தாளில் லில்லிபாய் மயினி இல்லை.
இரண்டு வளையல், மூன்று பவுன்,
குழுக்காரர்கள் முற்றத்தில் உட்கார்ந்த அன்று
கழற்றித் தந்தாள். அடகில் மூழ்கிப்போயிற்று.
பட்டியல் எழுதும்போது வக்கீல்
வேறு யாரும் உண்டா என்று கேட்டார்.
வெளியே வேப்பமரத்தடியில் நின்றவள்
ஜன்னல் வழியே தலையாட்டினாள்.
"எனக்க பேர அங்க எழுதாண்டாம், கேட்டியா."
கல்யாண வீடுகளில் அவள்
சேலைத் தலைப்பை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நிற்பதை
நாலு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் வட்டி கேட்கவில்லை.
பவுன் தன்பாட்டுக்கு ஏறியது.
ஐந்து கடனில் ஆக வேகமாக வளர்ந்தது அதுதான்.

மார்த்தாண்டத்திலேயே இறங்கிவிட்டேன், பாலத்துக்கு இப்புறம்.
நகைக்கடைப் பையனிடம் பதினொன்றை நீட்டி
இதற்கு என்ன வரும் என்றேன்.
சட்டைப் பொத்தான் அளவில் ஒன்றை
ரோஜாத் தாளில் மடித்துத் தந்தான்.
"மூணு பவன்னா ரெண்டு வருசம் ஆவும்க்கா,
வெல நின்னாக்கும்."
விலையை யார் பெஞ்சில் உட்காரவைப்பது?

பழைய நோட்டில் நாற்பத்தெட்டுக்குக் கீழே
கோடு போட்டு, ஒன்று என்று எழுதினேன்.

திரும்பும் பஸ்ஸிலும் அதே கண்டக்டர்.
"என்னக்கா, இன்னைக்குப் பாலம் கடக்கல்லியா?"
கை மடங்கியிருந்தது.
இடது கையால் சீட்டை வாங்கிக்கொண்டேன்.