அமரேல்

தூதர்களுக்கு முட்டி கிடையாதாம்.
ஓய்வுநாளொன்றில், நூலகத்தின் ஏழாம் மாடியில் படித்தேன்.
இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரே நேர் எலும்பு.
மேலே நாற்காலி என்ற பேச்சே இல்லை,
பாடுவதும் காத்திருப்பதும் நின்றபடிதான்.

தேவாலயத்தில் நான் பார்த்த சுண்ணாம்புத் தூதர்கள்
மண்டியிட்டு விளக்கு ஏந்துகிறார்கள்.
யாரோ இரக்கப்பட்டு முட்டி வைத்திருக்கிறார்கள்.

பஃபலோ சாலைப் பக்கம் ஒரு துணிக்கடையில்
பதினோரு மணி நேரம் நிற்கிறவள் நான்.
இரண்டாம் தளம், பட்டுப் பிரிவு.
வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை போட்ட முக்காலி.
எங்களுக்கு இடுப்புயர மேசை;
அதிலும் சாயக்கூடாது என்பார் நவநீதன் சார்.

பெயர் வைக்கத்தான் நாளானது.
காபிரியேல், மிக்கேல், ரபாயேல்,
எல்லாம் ஏல் என்று முடிகிறது.
அந்த மொழியில் ஏல் என்றால் இறைவன்.
நம் மொழியில் ஏல் என்றால் கூடாது.
ஒன்றாம் வகுப்பில் கைகட்டி ஒப்பித்த
விலக்குகள் எல்லாம் அந்த ஏலில்தான் முடிந்தன.
என் கதையின் ஆளுக்கு அமரேல் என்று வைத்தேன்.
கேட்பவர்க்குத் தூதன்.
தெரிந்தவர்க்குக் கட்டளை.

வானத்தில் ஒருவனுக்கு மட்டும் உட்கார அனுமதியாம்,
எழுத்தன் என்பதால்.
மனிதர் செய்த நல்லதைக் குறித்து வைக்க
மடி வேண்டுமே.
கீழிருந்து மேலே போன ஞானி ஒருவர்
அவன் எழாமல் இருந்ததைப் பார்த்து
இங்கே இரண்டு ராஜாக்களா என்று திகைத்தாராம்.
எழுந்திருக்காத குற்றத்துக்கு
எழுத்தனுக்கு அறுபது நெருப்புச் சவுக்கடி.

படித்ததும் சிரித்துவிட்டேன்.
தீபாவளிக்கு முந்திய வாரம், கிடங்கில்,
பிரிக்காத மூட்டை மேல் நாலு நிமிடம் உட்கார்ந்து
ரசீதுச் சுருளின் பின்பக்கம்
அவனைப் பற்றி ஒரு வரி எழுதினேன்.
கேமரா பார்த்துவிட்டது.
எனக்கு அறுபதில்லை, இருபது வெள்ளி.

இன்னொரு சட்டமும் உண்டு:
ஒரு தூதனுக்கு ஒரே வேலை.
சொல்ல வந்ததைச் சொன்னதும்
எந்தத் தீயாற்றிலிருந்து எழுந்தானோ
அதிலேயே போய்க் கரைவான்.
என் வேலை அனுமதி அட்டையிலும்
ஒரே முதலாளியின் பெயர்தான்.
இதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை.

அதனால்தான் நூற்று நாற்பது பக்கமாக
அமரேலை வாய் திறக்க விடவில்லை.
தேக்காவில் இறங்குகிறான், மழையில் நனைகிறான்,
இறக்கைகளை ஒடுக்கி மஞ்சள் ரெயின்கோட் மாட்டுகிறான்,
நின்றபடியே கோப்பி ஓ குடிக்கிறான்,
மீன் வெட்டுகிறவரிடம் வழி கேட்கிறான்.
செய்தி நாக்கின் அடியில், கரையாத கற்கண்டு.
யாருக்கு என்பது எனக்குத் தெரியும். என்ன என்பது தெரியாது.
"இன்னுமா சொல்லலை அந்த ஆளு?"
சாப்பாட்டு வேளையில் ருக்சானா கேட்பாள்.
இன்னும்தான்.

நேற்று, கடைசிக்கு முந்திய ரயில்.
பூன் கெங் தாண்டியும் இடமில்லை.
கம்பியைப் பிடித்துக் கால் மாற்றி, கால் மாற்றி.
பொத்தோங் பாசிரில்
ராணுவச் சீருடையில் ஒரு சீனப் பையன்
மூட்டை போன்ற பச்சைப் பையோடு எழுந்தான்.
முகாமில் யாரிடமோ பொறுக்கிய தமிழ்:
"அக்கா, உக்காரு."

உட்கார்ந்தேன்.
முட்டி இரண்டும் பழைய கதவு மாதிரி சத்தம் போட்டன.
பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.
கதவோரம், ஈரச் சப்பாத்தோடு,
கால் மடங்காமல் நிற்கிறான்.

பேனா இருந்தது. மடி இருந்தது.
எழுதினால் நூற்று நாற்பத்தொன்றாம் பக்கம்,
அதுவே கடைசி.

கோவனில் நிறையப் பேர் இறங்கினார்கள்.
பக்கத்து இருக்கை காலி. அவன் உட்காரவில்லை,
கைபேசியில் எதையோ பார்த்துச் சிரித்தான்.
ஹவ்காங். புவாங்கோக்.
எங்கே இறங்குகிறான் என்று பார்த்துவிடாதிருக்க
ரசீதின் பின்னால் வேறு எழுதிக்கொண்டிருந்தேன்:
பால், பாவாடைத் துணி மூன்று மீட்டர்,
முட்டிக்குத் தைலம்.