முன்சீட்

சுகிர்தா,
டர்பன் போகிறாயாமே, நாலு நாள்.
என்னிடம் கேட்கிறாய்.
நான் விட்டு வந்து இருபத்திரண்டு வருஷம்.
மூன்றாம் படுக்கைக்காரர் தூங்கிவிட்டார்,
மருந்துத்தாளின் பின்பக்கம் எழுதுகிறேன்.
பிழை இருந்தால் உன் தவறு.
எங்கள் வீட்டில் தமிழ் பேச்சோடு நின்றுபோனது,
எழுத்து நைட் டூட்டியில் நீ போட்டது.

ஜூன் கடைசியில் போ.
மற்ற மாதங்களில் காற்றே ஈரத்துணி.
விடியுமுன் கூரைமேல் ஒரு பறவை
துருப்பிடித்த கேட் திறப்பதுபோல் கத்தும்.
சத்தம்தான் அதற்குப் பெயர்: ஹாடிடா.
ஜன்னலைச் சாத்திப் படு.
குரங்கு வாழைப்பழத்தோடு
மூக்குக்கண்ணாடியையும் கொண்டுபோகும்.

விக்டோரியா தெருச் சந்தையில்
மிளகாய்ப்பொடியைக் கோபுரமாய்க் குவித்திருப்பார்கள்.
படம் எடு, வாங்காதே.
கொஞ்சம் தள்ளிக் காலைச்சந்தை. ஐந்து மணிக்கே போகணும்.
முளைக்கீரையை அங்கே ஹெர்ப்ஸ் என்று கேள்,
சேப்பங்கிழங்கு மடும்பி.
தமிழில் கேட்டால் "ஆண்ட்டி இந்தியாவா?" என்று
பத்து ரேண்ட் ஏற்றுவார்கள்.

பன்னி சாப்பிடாமல் வராதே.
பயப்படாதே, ரொட்டிதான்.
கால்பாகம் வெட்டிக் குடைந்து
உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பு.
"குவாட்டர் மட்டன்" என்று மட்டும் சொல்.
முள்கரண்டி கேட்டால் நீ வெளியூர்.
குடைந்தெடுத்த சதையை மேலேயே வைத்துத் தருவார்கள்,
அதைத் தொட்டு ஆரம்பி,
சுவரைக் கடைசியில் இடி.
வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதே.

கடல்.
நாகர்கோவில்காரிக்கு நான் கடல் சொல்வதா?
இரண்டு கொடிக்கு நடுவில் மட்டும் இறங்கு.
வடக்குக் கடற்கரையில்
எனக்குப் பதினெட்டு ஆகும்வரை ஒரு பலகை நின்றது,
யார் வரக்கூடாது என்று.
இப்போது அங்கே வேறொன்று, தம்பி படம் அனுப்பினான்:
கழிவுநீர் கலந்திருக்கிறது, யாரும் இறங்க வேண்டாம்.
யாரும்.
வெட்கமில்லாமல் சிரித்தேன்.

சாளை வந்தால் உனக்கு யோகம்.
வானத்திலிருந்து பறவைகள் கல்லாய் விழும்,
கையில் இருப்பதை எறிந்துவிட்டு ஓடு.
வாளி இல்லையா, துப்பட்டா. அதுவும் இல்லையா, தொப்பி.
வலைக்காரர்கள் திட்டுவார்கள்.
நீயும் திட்டு.

தம்பி குணசீலன் ஃபீனிக்ஸில் இருக்கிறான்,
நண்டு சமைப்பான், கட்டாயம் போ.
அந்த ஜூலையைப் பற்றிக் கேட்காதே.
கடைகள் எரிந்த வாரம்
தெருமுனையில் டயரும் பழைய கட்டிலும் அடுக்கி
கிரிக்கெட் மட்டையோடு நின்றான்.
யாருக்கு எதிராடா என்றேன் போனில்.
"தெரியாதவங்களுக்கு."
பிறந்ததிலிருந்து அதே ஊர்.
மேலே நான் கேட்கவில்லை.
சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஊபர் வேண்டாம், டாக்சியில் ஏறு.
டாக்சி என்றால் வெள்ளை வேன், பதினாறு பேர்,
பாட்டில் கண்ணாடி அதிரும்.
முன்சீட்டில் மட்டும் உட்காராதே.
பின்னாலிருந்து தோள் தோளாய்க் காசு வரும்,
யார் எவ்வளவு, யாருக்கு மீதி எவ்வளவு,
கணக்கு உன் தலையில்.
தப்பினால் பதினைந்து வாய்.
நர்சிங் படித்த நாளெல்லாம்
அதற்குப் பயந்தே பின்சீட்டுக்கு ஓடினவள் நான்.

இல்லை, அந்த வரியை அடித்துவிடு.
முன்னால் உட்கார்.
பெயர் தெரியாதவர்களின் சில்லறை
கைச்சூடு ஆறாமல் உன் கைக்கு வரும்.
நீ எந்த ஊர், எந்தத் தெரு,
ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.
எண்ணு. திருப்பிக் கொடு.
ஐந்து ரேண்ட் குறைந்தால்
உன் கையிலிருந்து போடு, என் கணக்கில் எழுதிக்கொள்.

மூன்றாம் படுக்கை மணி அடிக்கிறார்.
மிச்சம் நாளைக்கு.