சுவர் முடியும் இடம்

காலை ஏழரைக்குக் கம்பிக்கதவைத் திறக்கிறேன்.
ஒரு யூரோ.
சில்லறையாகக் கொடுத்தால் புண்ணியம்.
பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம்.
நடுவில் இரண்டு ஆள் உயர வெள்ளைச் சுவர்
கூழாங்கல் கரையைப் பிளந்துகொண்டு போய்
கடலுக்குள் கொஞ்சம் இறங்கி
முழங்கால் நனைந்ததும்
அலுத்துப்போய் நின்றுவிடுகிறது.

எதற்கு இந்தச் சுவர் என்று கேட்பார்கள்
திரியெஸ்தேவுக்குப் புதிதாய் வந்தவர்கள்.
பேரரசு காலத்தது என்பேன்.
பேரரசுதான் போய்விட்டதே என்பார்கள்.
சுவர் போகவில்லை என்பேன்.
வரிசையில் பின்னால் நிற்பவர் இருமுவார்.

நெரினாவும் எஜிதியோவும் முதல் பஸ்.
ஐம்பத்தொரு வருடத் தாம்பத்தியம்.
பஸ்ஸில் தொடங்கிய சண்டையை
என் ஜன்னல் முன் பாதியில் நிறுத்தி
ஆளுக்கொரு பக்கம் பிரிவார்கள்.
பதினொரு மணிக்கு இடப்பக்கமிருந்து குரல் எழும்:
"எஜிதியோ, சாவி உன்னிடமா?"
வலப்பக்கமிருந்து ஒரு சாவிக்கொத்து
வெயிலில் மின்னிப் பறந்து வரும்.
யார் தலையிலும் படாமல் எறிய
அவருக்கு ஐம்பத்தொரு வருடம் பிடித்தது.
"இந்தச் சுவர் இல்லையென்றால்
எப்போதோ வக்கீல் வீட்டுப் படி ஏறியிருப்போம்"
என்கிறாள் நெரினா,
முதுகில் எண்ணெய் தடவச் சொல்லி
பக்கத்துத் துண்டுக்காரியிடம் பாட்டிலை நீட்டியபடி.

அந்தப் பக்கம் மேலாடை யாருக்கும் நினைவிருப்பதில்லை.
பிள்ளை பெற்ற வயிறு, தையல் போட்ட வயிறு,
ஒற்றை மார்போடு கணக்கு டீச்சர் ஒர்தென்சியா
மல்லாந்து குறுக்கெழுத்துப் போடுகிறாள்.
யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
அல்லது
எல்லோரும் எப்போதோ பார்த்து முடித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை எனக்கு விடுமுறை.
பார்க்கோலாவுக்குப் போவேன்.
அங்கே சுவருமில்லை, மணலுமில்லை, டிக்கெட்டுமில்லை.
நடைபாதைச் சிமெண்டில் துண்டை விரித்தால்
அதுவே கரை.
தலைமாட்டில் பஸ், கால்மாட்டில் கடல்.
ஒரே குடையின் கீழ்
கணவன் ஒரு செல்போன், மனைவி ஒரு செல்போன்.
பழக்கதோஷம்,
நிழல் அருகே வந்தால்
சில்லறைக்குக் கை நீட்டிவிடுகிறேன்.

பன்னிரண்டு நிறையும்வரை
ஆண்பிள்ளை அம்மாவோடு போகலாம். விதி.
காப்பது நான்தான், என்றாலும்
பிறந்த தேதியைத் தோண்டும் வழக்கம் எனக்கில்லை.

மேட்டுக் கிராமத்திலிருந்து வருகிற ஸ்தாங்கா
அந்தச் சனிக்கிழமையும் ஒரு நாணயம் வைத்தாள்.
"எனக்கு ஒன்று. இவனுக்குப் பதினொன்றுதான்."
முதுகுக்குப் பின்னாலிருந்து,
"பன்னிரண்டு. வியாழக்கிழமையோடு."
தாதேய் கையை விரித்தான்.
உள்ளங்கை வியர்வையில் ஊறிய ஒரு யூரோ.
அவன் காதும் கழுத்தும் சிவந்திருந்தன.

நான் டிக்கெட்டைக் கிழித்தேன்.
வேறென்ன செய்ய?

அவன் வலப்பக்கம் போனபின்தான்
ஸ்தாங்காவுக்கு உறைத்தது:
அவனுடைய துண்டு, ரொட்டி, நீச்சல் கண்ணாடி
எல்லாம் அவள் பைக்குள்.
"வயசு வந்தவனுக்குப் பசிக்காதாக்கும்" என்றாள்
யாரிடமோ, சத்தமாக.

பதினொரு மணிக் குரல் அன்று
வேறு மாதிரி எழுந்தது:
"எஜிதியோ! சாவி இல்லை, ரொட்டி!
பிடி!"
காகிதம் சுற்றிய பொட்டலம் சுவரைத் தாண்டிற்று.
பிறகு துண்டு,
பாதி வழியில் விரிந்து
சுவர் உச்சியில் தொங்கிவிட்டது.
மூடும்வரை அங்கேயே கிடந்தது.
மஞ்சளில் நீலத் திமிங்கிலம்.

இனி வருவது நான் கண்டதல்ல.
என் ஜன்னலுக்குக் கடல் தெரியாது.

சுவர் தீர்ந்து
மிதவைக் கயிறு தொடங்கும் இடத்தில்
மார்பளவு தண்ணீரில்
அம்மா இந்தப் பக்கம், மகன் அந்தப் பக்கம்.
"அங்கே தண்ணீர் எப்படியிருக்கு?"
என்று ஸ்தாங்கா கேட்டாளாம்.

அதற்கு அவன் கயிற்றுக்கடியில் மூழ்கி வந்து
அவள் தோளைத் தொட்டுவிட்டுத்
திரும்பிப் போனான் என்கிறாள் நெரினா.
அதெல்லாம் ஒன்றுமில்லை,
"குளிர்" என்றான்,
அந்த ஒரு சொல்தான் என்கிறார் எஜிதியோ.
"உனக்குக் கண் தெரியாது."
"உனக்குக் காது கேட்காது."

கதவைப் பூட்டி நாணயம் எண்ணும்போதும்
பஸ் நிறுத்தத்திலிருந்து
கேட்டுக்கொண்டுதான் இருந்தது.