ஐம்பத்து மூன்றாம் காட்சி

இந்தப் படத்தில் ஓடுகிறவள் ஸ்வான்ட்யெ.
அவள் கால்கள் மட்டும் நான்.

லைப்ஸிக், லிண்டனௌ,
பழைய நூற்பாலை ஒன்றின் நிலவறை.
திரையில் ஹார்ட்ஸ் காடு, ஒலியில்லாமல்.
பனி, ஊசியிலை, முறிந்த சுள்ளி,
வாய் திறந்து ஓடும் ஒரு பெண்.
படமெடுத்த அன்று பதிவானதெல்லாம்
ஜெனரேட்டரின் உறுமல்தானாம்.
ஆகவே அவள் வைத்த ஒவ்வோர் அடியையும்
நான் திரும்ப வைக்க வேண்டும்.

பனிக்குச் சோளமாவு, தோல்பையில் கட்டி.
எலும்புக்கு செலரித் தண்டு.
ஈரச் சருகுக்கு உருவிய காசெட் நாடா,
யார் யாரோ கேட்டு முடித்த பாட்டுகள்
காலடியில் சுருண்டு கிடக்கும்.
மூச்சு மட்டும் என்னுடையது.
அதற்கு மாற்றுச் சாமான் கிடைக்கவில்லை.

ஹென்ரிகே தன் காரை விற்று இயக்குகிறாள்.
சம்பளத்துக்குப் பதில் ஒரு காகிதம் தந்திருக்கிறாள்,
படம் விற்றால் நூற்றுக்கு ஒன்றரை.

வேட்டையாடுகிறவனும் நான்தான்.
மதியம்வரை அவள், சாப்பிட்டபின் அவன்.
நாற்பத்தைந்தாம் அளவு பூட்ஸ், மூன்று காலுறை,
இடுப்பில் எட்டுக் கிலோ மணல்.
"வேகமாக நடக்கிறாய்" என்றாள் ஹென்ரிகே
கண்ணாடிக்கு அப்பாலிருந்து.
"அவனுக்கென்ன அவசரம்?"
சரிதான்.
நேரம் முழுக்க அவன் சட்டைப்பையில் கிடக்கிறது,
சில்லறை மாதிரி.

அவனாக நடித்த கெர்னோட் ஒருநாள் வந்தான்.
பல்செட் செய்யும் கூடத்தில் வேலை.
தன் நடையைக் கேட்டான்.
"இது நானா?"
அதன்பின் கதவருகே நின்று
ஜாக்கெட் ஜிப்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான்.

நம் பழம்பாட்டில் இரவு வழியில் வருகிறவனுக்காக
அவள் பயப்படுவாள்:
புலி உண்டு, பாம்பு உண்டு,
ஆற்றில் முதலை உண்டு, வராதே.
வேலை முடிந்து திரும்புகிறவளுக்கு
ஒரு துறை வகுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

நேற்று பதினொன்றே முக்கால்.
டிராமிலிருந்து இறங்கி, கால்வாய்ப் பாலம் தாண்டியதும்
பின்னால் ஒரு நடை.

பயப்படுவதற்கு முன்னால் கேட்டேன். பழக்கம்.
ரப்பர் அடி. எண்பது கிலோ இருக்கும்.
இடது குதிகால் உள்பக்கம் தேய்ந்தது.
நான் மெதுவானால் மெதுவானது.
நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்தேன்,
நின்றது.

நின்றுவிட்ட நடைக்கு ஒலி கிடையாது.
மூன்று வாரமாக ஐம்பத்து மூன்றாம் காட்சிக்கு
நான் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

வீட்டுக்குப் போகிற யாரோவாகவும் இருக்கலாம்.
நின்று விசாரிக்கிற வசதி எனக்கில்லை.

எங்கள் கட்டடத்துக்கு முன்னால் ஒரு வளைவு வழி,
விளக்கு போய் இரண்டு மாதம்.
உள்ளே திரும்பி மண்டியிட்டேன்.
பையில் அவனுடைய பூட்ஸ்,
அடி பிளந்து தைக்கக் கொண்டுவந்தது.
இரண்டிலும் கையை விட்டேன்.

பிறகு கருங்கல்லின் மேல்
கைகளால் நடந்தேன்.
குதி, விரல். குதி, விரல்.
அவசரமே இல்லாமல்,
சுவர் அதை வாங்கி இரட்டிப்பாக்கித் தர,
வெளியே இருந்தவனை நோக்கி.

ரப்பர் ஒருமுறை கிறீச்சிட்டது.
அப்புறம் சரளை.
அப்புறம் தூரத்தில், ஓடுகிற ஒருவன்,
முன்பாதம் மட்டும் பட,
தாளம் தப்பி.
என் ஸ்வான்ட்யெ இத்தனை நாள்
தாளம் தப்பாமல் ஓடியிருக்கிறாள்.

கைகளை வெளியே எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

இன்று காலை எல்லா ஓட்டத்தையும் அழித்துவிட்டு
புதிதாக ஓடினேன்.
ஐம்பத்து மூன்று வந்தபோது,
அவள் மரத்தடியில், அவன் எங்கேயோ நின்றபடி,
"மூச்சு?" என்றாள் ஹென்ரிகே.
எடுத்துவிடு என்றேன்.
அந்த இடத்தில் யாரும் விடுவதில்லை.

பூட்ஸ் இன்னும் தைக்கவில்லை.