சாப்பாட்டோடு

வின்னிபெக்கில் ஒரு மருந்துக்கடையின் பின்கட்டில்
பகல் முழுக்க நான் ஒட்டுவது இரண்டு சொற்கள்:
சாப்பாட்டோடு எடுக்கவும்.
மஞ்சள் தாள், கறுப்பு எழுத்து.
ஒட்டிய கையோடு மறந்துவிடுவேன்.
யாருடைய வயிறு, என்ன சாப்பாடு,
ஒட்டுகிறவளுக்கு எதற்கு?

இப்போது இரவு பத்து மணி.
வெளியே சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
குளியலறைத் தரையில் முழந்தாளிட்டு
மஞ்சள் நுரையைத் துடைக்கிறேன்.
நுரைக்குள் பாதி கரைந்த குளிசை.
ஒன்பது மணிக்குக் கொடுத்தது,
என் விரலில் இரண்டு பல் தடம் வாங்கிக்கொண்டு.

சீரகம் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள்.
மயிரின் நிறம் பார்த்து வைத்த பெயர்.
அகத்தைச் சீராக்குவதால் அது சீரகம் என்று
வானொலியில் யாரோ விளக்கியபோது சிரித்தோம்.
இப்போது அவள் அகம்
நாளைக்கு ஐந்து தரம் கலங்குகிறது.

ஈறில் சீழ். இரண்டு பல் பிடுங்கியாயிற்று.
பதினான்கு நாள் குளிசை, காலையும் இரவும்.
விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள்.
பனி விடும்வரை நிற்கட்டும் என்று
கதவு திறந்த விருந்து இவள்.
ஒன்பது பனி வந்து போய்விட்டது.

நிறுத்திவிடவா என்று டாக்டர் ஒக்சானாவிடம் கேட்டேன்.
நீங்களாக நிறுத்த வேண்டாம் என்றார்.
கக்கியதற்கு ஈடாக இன்னொன்று கொடுக்கவும் வேண்டாம்.
பிறகு, குரலை மாற்றாமல்,
வெறும் வயிற்றிலா கொடுக்கிறீர்கள் என்றார்.
தொலைபேசியில் முகம் தெரியாதது
எவ்வளவு நல்லது.

கோழி நெஞ்சை வெறும் தண்ணீரில் அவிக்கிறேன்.
கை தானாக உள்ளிக்குப் போகிறது, இழுத்துக்கொள்கிறேன்.
உள்ளியும் வெங்காயமும் இவளுக்கு நஞ்சு.
உப்பு டப்பாவை மேல் தட்டில் ஏற்றிவிட்டேன்,
கதிரை போட்டால்தான் எட்டும்.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொன்னவர்கள்
பூனைக்குச் சமைத்திருக்க மாட்டார்கள்.

பூசணிக்கூழ் அரைத் தேக்கரண்டி சேர்க்கச் சொன்னார்.
அவசரத்தில் வாங்கிய முதல் தகரத்தில்
கறுவா, கராம்பு, சீனி.
பை சுடுகிறவர்களுக்கானது.
குசினியில் நின்றபடியே
அதை நான் கரண்டியால் வழித்துத் தின்றேன்.
அன்றைக்கு அதுதான் என் இராச்சாப்பாடு.

ஐந்தாம் இரவு.
ரெஜைனாவில் லொறியை நிறுத்திவிட்டு
குகதாசன் எடுக்கிறான்.
கார்த்திகையிலிருந்து எங்களுக்குள்
வாடகை, காப்புறுதி, ம்.
வேறு சொல் புழங்கியதில்லை.

"இளக்கமா, கெட்டியா?"
"கொஞ்சம் கெட்டி."
"எத்தனை தரம்?"
"இரண்டு. நிறமும் பரவாயில்லை."
"நல்லது."
இதைவிட நீளமாக
நாங்கள் கதைத்து எவ்வளவு காலம்.
அவன் பக்கம் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கிறது.
வைத்துவிடுவான் என்று நினைக்கிறேன்.
"நீ சாப்பிட்டியா?" என்கிறான்.

ம் என்றேன்.
அது பொய் என்று அவனுக்கும் தெரியும்.

கோழியை மணம் எழும் அளவுக்கு மட்டும் சூடாக்கி
தட்டில் வைக்கிறேன்.
மோந்து பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாள்.
ஏழு வாய்.
எட்டாவது வாய்க்குத் திறந்தபோது குளிசை,
உடனே ஊசியில்லாச் சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர்,
தொண்டையில் ஒட்டி நிற்காதபடி.
தலையை உதறி என் சட்டையெல்லாம் தெளிக்கிறாள்.
நல்ல கிருமித் தூள் இரண்டு மணித்தியாலம் கழித்து.
முன்னதாகக் கொடுத்தால்
குளிசை அதையும் கொன்றுவிடுமாம்.

பதினொன்று வரை விழித்திருக்க வேண்டும்.
கக்குவாளா, இல்லையா.
வெளியே காரின் எஞ்சினைச் சூடு பண்ணும் வயர்
சுவரிலிருந்து பனிக்குள் இறங்கிப் போகிறது.
அவள் முன்காலை நக்குகிறாள், பிறகு மற்றதை.

சட்டியில் மிச்சக் கோழி, வெளிறிப்போய்.
பிய்த்துப் பிய்த்து நான் சாப்பிடுகிறேன்.
உப்பு மேல் தட்டில் இருக்கிறது.
கதிரை எடுக்கப் போகவில்லை.