அட்டை முதலில் வீடு போன வியாழக்கிழமை

காலை ஆறு ஐந்துக்குக் குழித்துறையில் ஏறினால்
முகம் பார்க்காமல் கிழித்துத் தருவார் கண்டக்டர்,
விலை இல்லாத ஒரு சீட்டு.
மகளிர் என்று இருக்கும். அவ்வளவுதான்.
எந்த மகள், யாருக்கு வாய்த்தவள்,
எதற்காக இவ்வளவு சீக்கிரம் கிளம்பினாள்
என்றெல்லாம் அதற்குக் கவலையில்லை.
நான் ஒரு எண்ணிக்கை. அது எனக்குச் சுகம்.

களியக்காவிளையில் இறங்கி
மீன் கூடைகளையும் வாழைக்குலை லாரியையும் சுற்றிக்கொண்டு
கொஞ்ச தூரம் நடந்தால்
அடுத்த பஸ், அடுத்த அரசாங்கம்.
அங்கே எனக்கு ஓர் அட்டை.
கருவியில் காட்டினால் ஒரு கீச்,
கோழிக்குஞ்சை மிதித்ததுபோல.
சில்லறைச் சண்டை இல்லை.
நல்ல காரியம்தான், மறுக்கவில்லை.
முன்பெல்லாம் மாதம் நாற்பது ரூபாய்
சீட்டின் முதுகில் பேனாவால் எழுதியே போய்விடும்.

அட்டை வாங்கித் தந்தது ஜெயசிங்.
லீவில் வந்தபோது வரிசையில் நின்று
தன் நம்பரைக் கொடுத்துப் பதிந்தார்.
மாதம் பிறந்தால் மஸ்கட்டிலிருந்து பணம் ஏறும்.
ஒவ்வொரு கீச்சும் கடல் தாண்டிப் போய்
அவர் சட்டைப் பையில் துடிக்கும்:
தம்பானூர், களியக்காவிளை, நாலு நாற்பது,
மீதி இவ்வளவு.

அவர் திட்டியதில்லை. சந்தேகப்பட்டதும் இல்லை.
"நெய்யாற்றின்கரை தாண்டியாச்சா?" என்று கேட்பார்,
சரியாக நெய்யாற்றின்கரை தாண்டும்போது.

வியாழக்கிழமை
லேபின் கடைசிக் கண்ணாடிக் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
ரோஸ்லெட்டின் கையில் அட்டையைக் கொடுத்தேன்.
"இதையும் சேர்த்துத் தட்டீரு."
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
அவள் அட்டையிலும் ஒரு நம்பர் உண்டு, அண்ணன் நம்பர்.

நான் எதிர்த்திசையில் ஏறினேன், சங்குமுகம் போகும் பஸ்.
கைக்குட்டை முடிச்சிலிருந்து நோட்டை எடுத்தேன்.
"கார்டில்லே சேச்சீ?"
"சார்ஜ் இல்லை."
அட்டைக்கு எதற்குச் சார்ஜ் என்று அந்தப் பையன் சிரித்தான்.
மீதியை எண்ணித் தந்தான்,
வியர்வை பிசுபிசுத்த நாணயங்கள்,
யாரிடமும் எதையும் சொல்லத் தெரியாதவை.

கடலை வாங்கித் தின்றுகொண்டே கடலைப் பார்த்தேன்.
வேறொன்றும் செய்யவில்லை.
யாரையும் சந்திக்கவும் இல்லை.
செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தேன்.
மணலில் நிற்பவர்களின் தலையில் இடிப்பதுபோல
சக்கரம் தொங்க இறங்கிக்கொண்டிருந்தன விமானங்கள்.
இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை
அவரும் இப்படித்தான் இறங்குவார்,
கயிறு கட்டிய பெட்டியோடு.

ஐந்து இருபத்தைந்துக்குப் போன் அடித்தது.
"நெய்யாற்றின்கரை தாண்டியாச்சா?"
"இப்பதான்."
"சீற்று கிட்டிச்சா?"
"கிட்டிச்சு."
மணலில் உட்கார்ந்துதான் இருந்தேன், பாதிப் பொய்.
"என்ன எரைச்சலு?"
"பஸ்ஸுக்க காத்து."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவர் பக்கத்திலும் ஏதோ இரைந்தது,
விட்டுவிட்டு, ஒரே அளவில்.
அங்கே மணி நாலுகூட ஆகியிருக்காது, வேலை நேரம்.
அது என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை.

எட்டு மணிக்கு எல்லையைத் தாண்டி
விலையில்லாச் சீட்டில் ஏறினேன்.
அதற்கு எதுவும் தெரியாது.

மறுநாள் அட்டையோடு
பஸ்ஸில் கிழித்த சீட்டையும் தந்தாள் ரோஸ்லெட்.
"ஆளெங்கேன்னு கண்டக்டர் கேட்டாரு.
பின்னால ஒறங்குதுன்னு சொன்னேன்.
பாறசாலைல ஒருத்தர் ஒனக்க சீற்றுல இருக்க வந்தாரு.
நான் விடல்ல."

எண்பத்தாறு ரூபாய் மீதி.
அடுத்த வியாழன் அவள் முறை,
இரண்டு கீச் என் கையில்.
எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டேன்.